குஞ்சு விளக்கின் கீழ் ஒரு முழங்கால்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தேகாலுக்கு என் மகள் குளியலறையிலிருந்து கூப்பிட்டாள். "அம்மா, காலுல என்னமோ தண்ணி கோத்திருக்குது. வந்து பாரு." சோப்பு தீர்ந்துபோச்சு என்று சொல்வதைப் போலத்தான் சொன்னாள். நேரம் நினைவிருக்கக் காரணம், பண்ணைக்குக் கோழிக்குஞ்சு கொண்டுவரும் வண்டி பத்தரைக்குள் வந்துவிடும் என்று சொல்லியிருந்தார்கள். நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேதான் அடுப்படியில் நின்றிருந்தேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு போனேன். ஸ்டூலில் உட்கார்ந்து வலது காலை நீட்டி வைத்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே, ஆபரேஷன் தழும்பை ஒட்டி வெளிப்பக்கமாக ஒரு கொப்புளம். நெல்லிக்காயை இரண்டாக வெட்டிக் கவிழ்த்த மாதிரி இருந்தது. அதைச் சுற்றி உள்ளங்கை அகலத்துக்குத் தோல் சிவந்து கிடந்தது.

"வலிக்குதா சாமி?"

"இல்லம்மா. அதத்தான் சொல்றேன். ஒண்ணுமே தெரியல."

வலிக்கிறது என்று அழுதிருந்தால் நான் அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். அத்தனை பெரிய கொப்புளத்தை ஒருத்தி வேடிக்கை பார்ப்பதுபோலக் குனிந்து பார்க்கிறாள்.

அவள் கபடி ஆடுகிறவள். கல்லூரியில் இடம் கிடைத்ததே அந்த ஆட்டத்தால்தான். போன ஐப்பசியில், தீபாவளிக்குத் துணி எடுக்கக்கூடப் போகாத சமயத்தில், பயிற்சியில் ஒருத்தியைப் பிடிக்கப் பாய்ந்து திரும்பியபோது முட்டிக்குள் ஜவ்வு அறுந்துவிட்டது. சேலத்தில் ஆபரேஷன் செய்தார்கள். தொடையின் பின்புறத்திலிருந்து நரம்பு மாதிரி ஒன்றை உருவி எடுத்து முட்டிக்குள் வைத்துக் கட்டியிருப்பதாக டாக்டர் படம் போட்டுக் காட்டினார். வீட்டுக்கு அனுப்பும்போது அவர் சொன்னதில் ஒன்று மட்டும் என் மண்டையில் ஆணி அடித்ததுபோல் நின்றுவிட்டது. "மத்ததெல்லாம் சரியாயிடும்மா. முட்டிக்குள்ள கிருமி மட்டும் போயிடக் கூடாது. போச்சுன்னா வெச்சதை எடுத்துப் போட வேண்டி வரும்."

இப்போது அந்தத் தழும்புக்கு விரல் இடைவெளியில் நீர்கோத்த கொப்புளம். உடைந்தால் அதன் வழியாக எதுவும் உள்ளே போகலாம் என்றுதான் எனக்குத் தோன்றியது. எடுத்துப் போட வேண்டி வரும். எடுத்துப் போட வேண்டி வரும். டாக்டர் குரல் காதிலேயே இருந்தது.

கொப்புளம் எப்படி வந்தது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. காலையில் எட்டு மணிக்கு அவள் விளக்குக்கடியில் படுத்திருந்தாள்.

அந்த விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். நாமக்கல்லில் அவளுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபி மேடம், வயதில் சின்னப் பெண்தான், உடற்பயிற்சிக்கு முன்னால் சக்கரம் வைத்த ஒரு ஸ்டாண்டை உருட்டிக்கொண்டு வருவார். நுனியில் சிவப்பு பல்பு. இன்ஃப்ராரெட் என்று சொல்வார். அதைத் தொடைக்கு நேராகத் திருப்பி, கொஞ்ச நேரம் சூடு காட்டுவார். தசை இளகும், அப்புறம் மடக்கி நீட்டினால் அவ்வளவு பிடிக்காது. முட்டியிலிருந்து கணுக்கால் வரைக்கும் ஒரு வெள்ளைத் துண்டை நாலாக மடித்து மேலே போட்டுவிடுவார். என் மகள் அரை டிரவுசரில் இருப்பாள். இடையில் ஒரு திரைதான், அதற்கு அந்தப் பக்கம் தோள்வலிக்காரர்களும் இடுப்புவலிக்காரர்களும் போய்வருவார்கள். பரவாயில்லை, பொம்பளைப் பிள்ளையை எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று தெரிந்த பெண் என்று அந்தத் துண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மேடம் மீது ஒரு மதிப்பு கூடும்.

பொங்கல் கழிந்த பிறகு வாரம் முழுவதும் நாமக்கல் போய்வருவது எனக்கும் முடியவில்லை. நான் பள்ளியில் கணக்கு எடுக்கிறேன், லீவு கிடைக்காது. வீட்டிலேயே செய்யட்டும், ஞாயிறும் புதனும் மட்டும் போன் பண்ணுங்கள், சூடு காட்டுவதற்கு இதே மாதிரி விளக்கு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள் என்று மேடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அதைச் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்துவிட்டார்.

"காசு குடுத்து இத வாங்கறதா? இந்த ஊருல எந்தக் கோழிக் கொட்டாய்க்குள்ள போனாலும் இதுதான் தொங்குது. குஞ்சுக்கு ஆகறது கொழந்தைக்கு ஆகாதா புள்ள?"

எங்களுக்கு முட்டைக்கோழிப் பண்ணை. பெரிய பண்ணை இல்லை. ஒருநாள் வயதுக் குஞ்சை வாங்கி நாங்களே வளர்த்துக் கூண்டேற்றுகிறோம். தாய்க்கோழி இல்லாத குஞ்சுக்கு முதல் வாரங்களில் சிவப்பு பல்புதான் தாய். தகரத்தை வட்டமாக வளைத்து நிறுத்தி, உள்ளே உமி பரப்பி, மேலே சங்கிலியில் பல்பைத் தொங்கவிடுவோம். குஞ்சு வளர வளரச் சங்கிலியை ஒவ்வொரு கண்ணியாக ஏற்றுவோம். அதே பல்பு, அதே மூடி, அதே சங்கிலி. கூடத்தில் மகளுக்குத் தொட்டில் கட்டிய கொக்கி இன்னும் இருந்தது. அதில் மாட்டிவிட்டார்.

சூடு சரியா என்று பார்ப்பதற்கு எங்கள் கொட்டாயில் ஒரு தெர்மாமீட்டர் உண்டு. ஆனால் அதைப் பார்த்து யாரும் பல்பை ஏற்றி இறக்குவதில்லை. குஞ்சைப் பார்த்தால் போதும். பல்புக்கடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக் கிடந்தால் குளிர்கிறது, இறக்க வேண்டும். தகரத்தோரமாக விலகிப் போய் வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம், ஏற்ற வேண்டும். பரவலாகத் திரிந்தால் சரி. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த புதிதில் எனக்கு முதலில் பழகியது இதுதான். சூடு தாங்காத உயிர் தானாக விலகும். விலகாத வரைக்கும் சரியாகத்தான் இருக்கிறது. இதில் எங்களுக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

அன்றைக்குத் தை மாதத்துக் குளிர். கொல்லிமலை அடிவாரத்தில் காலை எட்டு மணிக்கும் மூடுபனி விலகவில்லை. அவள் பாயில் படுத்துக்கொண்டு, இன்று தொடை வேண்டாம், முட்டிக்குக் கீழேதான் விறைத்துக் கிடக்கிறது, அங்கேயே காட்டு என்றாள். பல்பைப் போட்டுக் கொஞ்ச நேரம் போனது.

"சூடே ஏற மாட்டேங்குதும்மா. அந்தப் பக்கம் ஒண்ணுமே தெரியல."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த அவள் அப்பா உள்ளே எட்டிப் பார்த்தார். "குளுருதுன்னா ரெண்டு கண்ணி எறக்கோணும். எறக்கு."

சங்கிலியை நான்தான் பிடித்து இறக்கினேன்.

அவள் விலகவில்லை. போனில் யாரோ ஆடிய ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டு, பயிற்சிக்காகத் தொடையை இறுக்கித் தளர்த்தி, இறுக்கித் தளர்த்திக் கிடந்தாள். அடுப்படியிலிருந்து நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் அப்படியேதான் இருந்தாள். விலகவில்லை, சரியாக இருக்கிறது என்று திரும்பிப்போய்ச் சட்னி அரைத்தேன்.

மேடத்துக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடியும் போட்டேன். மூன்றாம் முறை எடுத்தார். பின்னால் நாதஸ்வரச் சத்தம். வாழப்பாடியில் அவர் சித்தி மகளுக்குக் கல்யாணம் என்று போன வாரமே சொல்லியிருந்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது. மேளத்துக்கு மேல் கத்தினேன்.

"சுட்டுருச்சுங்க மேடம்! முட்டிக்குக் கீழ! பல்பு சுட்டுருச்சு!"

அவர் மண்டபத்துக்கு வெளியே வந்து பேசினார். குழாய்த் தண்ணீரை மெதுவாகத் திறந்துவிட்டுக் காலைக் காட்டச் சொன்னார். ரொம்ப நேரம் காட்டணும், ஐஸ் வேண்டாம், கொப்புளத்தை உடைக்கக் கூடாது, எதையும் தடவக் கூடாது, அப்புறம் வெள்ளைத் துணியால் லேசாக மூடுங்கள் என்றார். படம் எடுத்து அனுப்பச் சொன்னார். காய்ச்சல் வந்தாலோ முட்டி வீங்கினாலோ எனக்குக் காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். இல்லையென்றால், "தாலி கட்டினதும் நான் வர்றேங்கம்மா. டாக்டர்கிட்டயும் பேசறேன்."

குழாயடியில் அவள் காலைக் காட்டிக்கொண்டிருக்கும்போது கொட்டாயிலிருந்து அவள் அப்பா ஓடிவந்தார். நான் போட்ட சத்தம் அங்கே வரைக்கும் கேட்டிருக்கிறது. கையில் ஒரு முட்டை.

"வெள்ளக்கருவத் தடவு. எங்கம்மா எனக்கு அப்பிடித்தான் தடவுவாங்க. தழும்பு கூட நிக்காது."

"எதையும் தடவக் கூடாதுன்னுட்டாங்க மேடம்."

"எதையும்னா எதயோ சொல்லியிருப்பாங்க. முட்டையவா சொன்னாங்க?"

"முட்டையையுந்தானுங்க. ஆபரேஷன் பண்ணுன காலு. முட்டையிலயும் கிருமி இருக்குது. அத உள்ள கொண்டுபோய் வைங்க முதல்ல."

மகள் சிரித்தாள். "அப்பா, வறுத்தாச்சு. இப்ப முட்டைய வேற ஊத்தி மசாலா போடறீங்களா?"

அவர் சிரிக்கவில்லை. முட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குனிந்து அந்தச் சிவப்பைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து கூடத்துக்குள் தொங்கிய சங்கிலியைப் பார்த்தார். திரும்பிக் கொட்டாய்க்கே போய்விட்டார். எனக்கு அவர் மீது கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சங்கிலி என் கையில்தானே இருந்தது.

அதற்கப்புறம் நேரம் என்பது எப்படிப் போயிற்று என்று எனக்கு இன்னும் ஒழுங்காகச் சொல்லத் தெரியவில்லை. மகளைக் கூடத்துக் கட்டிலில் படுக்கவைத்துக் காலடியில் தலையணை வைத்தேன். படம் எடுத்து மேடத்துக்கு அனுப்பிவிட்டு, வெளுத்த வேட்டியில் ஒரு துண்டு கிழித்து மேலே மூடினேன். நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். வாசலுக்குப் போனேன். நாமகிரிப்பேட்டை ரோட்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் மண் தடத்தில் புழுதி எழும்புகிறதா என்று பார்த்தேன். திரும்பி வந்து முட்டி வீங்கியிருக்கிறதா என்று இந்தக் காலையும் அந்தக் காலையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். ஆபரேஷனுக்குப் பிறகு அந்த முட்டி எப்போதுமே கொஞ்சம் பெரிதுதான். அது நேற்று இருந்த பெரிதா, இன்றைக்கான பெரிதா? மறுபடியும் நெற்றி.

"அம்மா, நீ தொட்டுத் தொட்டுத்தான் எனக்குக் காய்ச்சல் வரப்போகுது. போய் உக்காரு."

"வலிக்குதா இப்ப?"

"ஓரத்துல எரியுது. நடுவுல ஒண்ணும் தெரியல. ஆபரேஷன்லருந்தே அந்த எடம் மரத்துப்போய்த்தானே கெடக்குது."

"ஆபரேஷன்லருந்தேயா? எங்கிட்ட நீ சொல்லவே இல்ல?"

"டாக்டர் சொன்னாரே! தோலுக்குப் போற சின்ன நரம்பு அறுபடும், அந்தப் பக்கம் கொஞ்ச நாள் மரமரன்னு இருக்கும்னு. நீயுந்தான் கூட உக்காந்திருந்தே."

உட்கார்ந்திருந்தேன். கிருமி என்ற ஒரு சொல்லைத் தவிர அன்றைக்கு வேறு எதுவும் என் காதில் ஏறவில்லை. சூடே ஏறவில்லை என்று அவள் காலையில் சொன்னது குளிரால் இல்லை. அவளுக்கு அந்த இடமே இல்லை. சூடு தாங்காத உயிர் தானாக விலகும் என்றால், சூடு தெரியாத உயிர் என்ன செய்யும்? அது மல்லாந்து படுத்துப் போனைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

ஹாரன் சத்தம் கேட்டது. மேடம் வந்துவிட்டார் என்று வாசலுக்கு ஓடினேன். குஞ்சு வண்டி.

"ஏனுங்க்கா, ஓடியாறீங்க! குஞ்சு மேல அத்தன ஆசைங்களா?" வண்டிக்காரர் கதவைத் திறந்துகொண்டே கேட்டார். வருஷக்கணக்காக எங்களுக்குக் குஞ்சு கொண்டுவருகிறவர். எப்போதும் இப்படித்தான் பேசுவார். "பனியில பாதை தெரியலீங்க, அதான் லேட்டு. பல்பு போட்டு வெச்சிருக்கறீங்கல்ல?"

பல்பு போட்டு வைத்திருக்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்டதும் கூடத்தைத் திரும்பிப் பார்த்தேன். ஆனால் குஞ்சு காத்திருக்காது. இரண்டு பேராவது பெட்டி இறக்க வேண்டும். மகளிடம் போனைக் கொடுத்து, ஏதாவது என்றால் அப்பா போனுக்குக் கூப்பிடு என்று சொல்லிவிட்டுப் போனேன்.

கொட்டாய்க்குள் எல்லாம் சிவப்பு. தகர வட்டத்துக்குள் வீட்டுக்காரர் குந்தியிருந்தார். நான் பெட்டியை எடுத்துக் கொடுக்க, அவர் ஒவ்வொரு குஞ்சாகத் தண்ணீரில் அலகை நனைத்து உமியில் விட்டார். குஞ்சுகள் கத்தின கத்தில் பேசினாலும் கேட்காது. விட்டவை எல்லாம் பல்பைப் பார்த்துத் தத்தித் தத்திப் போயின. பல்புக்கு நேர்கீழே ஒரு குஞ்சு மட்டும் தலையை உமியில் சாய்த்துக் கிடந்தது. அசையவில்லை. எனக்கு என்ன தோன்றியதோ, தகரத்தைத் தாண்டிக் கையை நீட்டி அதை ஒரு தள்ளுத் தள்ளினேன். கத்திக்கொண்டு எழுந்து ஓடியது. தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். எழுந்து சங்கிலியைப் பிடித்து ஒரு கண்ணி ஏற்றினார். முதல் நாளில் யாரும் ஏற்றுவதில்லை. கொஞ்ச நேரத்தில் குஞ்சுகள் நெருங்க ஆரம்பித்தன. மறுபடியும் இறக்கினார்.

"உனக்கும் எனக்கும் இப்ப இது சரியா வராது. நீ பாப்பாகிட்டப் போ. மீதிய நான் எறக்கிக்கறேன்" என்றார்.

வெளியே வந்தபோது வண்டிக்காரர் வேப்பமரத்தடியில் டீ குடித்துக்கொண்டிருந்தார். "என்னுங்க்கா, ரெண்டு பேரும் மொகத்த இப்பிடி வெச்சிருக்கறீங்க? பாப்பா எப்ப மறுபடி ஆடுது? எங்கூர் திருவிழாவுல ஆடுனதப் பாத்தனுங்க. அப்பிடித் தூக்கி எறிஞ்சா வேற ஒருத்தன் எந்திரிச்சே இருக்க மாட்டான், அந்தப் புள்ள எந்திரிச்சு ஓடுச்சு."

"ஆடும்" என்று சொன்னேன். யார் கேட்டாலும் சித்திரைக்குள் ஆடும் என்று வாய்கூசாமல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அன்றைக்கு மாதம் சொல்ல வரவில்லை.

உள்ளே மகள் கண்ணை மூடிக் கிடந்தாள். தூங்குகிறாளா, மயங்கிக் கிடக்கிறாளா? தோளைத் தொட்டு உலுக்கினேன். கொட்டாயில் அந்தக் குஞ்சைத் தள்ளிய அதே வேகம்.

"என்னம்மா!" என்று எழுந்து உட்கார்ந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவள் கோபம் அடங்கிவிட்டது. சிறிது நேரம் துணி மூடிய இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து கேலியாகவே பேசிக்கொண்டிருந்தவள், மிக மெல்லிய குரலில் கேட்டாள்.

"உள்ள வெச்சத எடுத்துருவாங்களாம்மா?"

அதே வரியை அவளும் காதிலேயே வைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். இல்லை என்று சொல்ல வேண்டும். எனக்குத் தெரியாததைத் தெரிந்ததுபோல் சொல்வதற்கு அன்றைக்கு எனக்குத் தைரியம் இல்லை. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அவள் கையும் ஈரமாக இருந்தது.

சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. யாரும் சாப்பிடவில்லை. காலையில் அரைத்த சட்னி மேலே தண்ணீர் பிரிந்து கிடந்தது. நான் மறுபடியும் எழுந்து வாசலுக்குப் போனபோது தடத்தில் ஒரு கார் புழுதியோடு திரும்பிற்று.

மேடம் இறங்கினார். மாம்பழ நிறப் பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை, நெற்றியில் கல்யாணச் சந்தனம் காய்ந்து வெடித்திருந்தது. காரை ஓட்டிவந்தவர் அவர் தம்பியாம். கல்யாணச் சாப்பாட்டைப் பார்சல் கட்டிக்கொண்டு வந்திருந்தார், உள்ளே வராமல் வண்டியிலேயே உட்கார்ந்துகொண்டார். மேடம் நேராகக் குழாயடிக்குப் போய், வளையலை முழங்கை வரை ஏற்றிவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவினார். என் வீட்டுக்காரரும் கொட்டாயிலிருந்து வந்து நிலைப்படிக்கு வெளியே நின்றார். சட்டைப் பையில் முட்டை இன்னும் இருந்தது.

மேடம் துணியை எடுத்துப் பார்த்தார். கொப்புளத்தைத் தொடவில்லை. சிவந்த ஓரத்தில் விரலால் அழுத்திவிட்டு எடுத்தார். வெளுத்து, மறுபடி சிவப்பு வந்தது. முட்டியை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். மெதுவாக மடக்கினார், நீட்டினார். பிறகு பையிலிருந்து பஞ்சை எடுத்துத் திரி மாதிரி முறுக்கினார்.

"கண்ண மூடிக்க. தொடறது தெரிஞ்சா 'ம்' சொல்லு."

தொடையில் தொட்டார். ம். முட்டிக்கு மேலே. ம். உள்பக்கம். ம். தழும்பைத் தாண்டி வெளிப்பக்கம் வந்ததும் அவள் சத்தம் நின்றுவிட்டது. பஞ்சு போய்க்கொண்டே இருந்தது, அவள் கண்ணை மூடிக்கொண்டு அடுத்த தொடலுக்குக் காத்திருந்தாள். "தொடுங்கக்கா" என்றாள். நான் புறங்கையைக் கடித்துக்கொண்டேன். மறுபடி 'ம்' வந்த இடங்களில் மேடம் பேனாவால் புள்ளி வைத்தார். புள்ளிகளைச் சேர்த்ததும் ஒரு வட்டம் வந்தது. சுட்ட இடம் முக்கால்வாசி அதற்குள்ளேயே இருந்தது.

"தோலோட நின்னிருக்குங்கம்மா" என்றார். "முட்டிக்குப் போகல. வீக்கம் புதுசா இல்ல, காய்ச்சல் இல்ல, மடக்குறதும் போன தடவ பாத்த மாதிரியே வருது. படத்தை டாக்டருக்கு அனுப்பிப் பேசிட்டுத்தான் வந்தேன். அவரும் அப்படித்தான் நெனைக்கறார், ஆனா நாளைக்குக் காலையில நேருல பாக்கணும்னார். கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க. இது ஆறுற வரைக்கும் வெளக்கு வேண்டாம்."

மகள் கண்ணைத் திறந்தாள். "அப்ப உள்ள இருக்கறது?"

"உள்ள இருக்கறது உள்ளயேதான் இருக்குது."

என் வீட்டுக்காரர் நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே படியில் உட்கார்ந்தார். எனக்கு அழுகை வரவில்லை. நிம்மதி என்று சொல்கிறார்களே, அதுவும் வரவில்லை.

மேடம் நிமிர்ந்து கொக்கியையும் சங்கிலியையும் அதில் தொங்கிய குஞ்சு பல்பையும் பார்த்தார். சிரிப்பாரோ திட்டுவாரோ என்று காத்திருந்தேன்.

"அங்க நான் ஒரு துண்டு போடுவனே, இங்க போடலீங்களா?"

"அது..." என்று இழுத்தேன். "டிரவுசர் போட்டிருக்கறாளே, நாலு பேரு போற எடம், மறைக்கறதுக்குப் போடறீங்கன்னு நெனச்சனுங்க. ஊட்டுல யாரு இருக்கறாங்கன்னு..."

அவர் பஞ்சைக் கீழே வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, பட்டுச் சேலை கசங்குவதைப் பார்க்காமல் தரையில் உட்கார்ந்தார்.

"மரத்த எடத்துல சூடு படக் கூடாதுன்னுதான் போடுவேங்கம்மா" என்றார். "எதுக்குப் போடறேன்னு உங்களுக்கு ஒரு நாளும் சொல்லலையே நான்."